மூடுபனியும் நம் ரயில் பிரயாணமும்

(நமது சங்கத்தின் டெல்லிக் கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உங்களுக்கு இஷ்டமான விஷயத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் ஸார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்த மேடையில் வழக்கமாக உபநிஷத்தும் இதிகாசமும் கற்றறிந்தவர்கள் பேசுவார்கள். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய சர்க்கார் ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷம் ஃபைல் பார்த்தவன். எனக்குத் தெரிந்ததைப் பேசுவதுதான் நியாயம். ஆகவே, மார்கழி பிறந்ததும் வடநாட்டில் இருக்கும் நம்மவர் எல்லோர் வாயிலும் அடிபடும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பனிக்காலத்தில் ரயில் தாமதமாவதைப் பற்றித்தான்.

இது எல்லோருக்கும் பொதுவான கஷ்டம்தானே, சங்கக் கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நம் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். டிசம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி முடிய பனி உச்சத்தில் இருக்கும். அதே சமயத்தில்தான் சென்னையில் சங்கீத சீஸன். தை பிறந்ததும் கல்யாண முகூர்த்தங்கள். தை அமாவாசைக்குப் பிரயாகையிலும் காசியிலும் ஸ்நானம் செய்ய தெற்கிலிருந்து வயதானவர்கள் கிளம்பி வருகிறார்கள். வட இந்தியாவில் ரயில்கள் மிகவும் தடுமாறும் ஆறு வாரங்களில்தான் நாம் அதிகமாக ரயில் ஏறுகிறோம். அதிலும் ஏறுபவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

முதலில் இந்தப் பனி எப்படி உண்டாகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் வானம் நிர்மலமாக, காற்று அசையாமல் இருந்தால், பகலில் வாங்கிய உஷ்ணத்தை நிலம் வேகமாக இழந்துவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்துபோகிறது. அந்தக் காற்றில் ஈரம் போதுமான அளவு இருந்தால் அது நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. நம் வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் படிகிற அதே ஈரம் இங்கே காற்றிலேயே தொங்குகிறது. பஞ்சாபிலிருந்து பீகார் வரை தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல்கள். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்கள் அவ்வப்போது கொஞ்சம் மழையையும் ஈரத்தையும் விட்டுச் செல்கின்றன. புகையும் தூசியும் துளிகள் ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன. வடக்கே இமயமலை சுவர் மாதிரி நிற்கிறது. மேலே இருக்கும் காற்று கீழே இருப்பதைவிடச் சற்று உஷ்ணமாக இருப்பதால், பானையை மூடி வைத்தாற்போல் பனி கீழேயே அடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால்தான் கலையும். சில நாட்களில் அப்போதும் முழுக்கக் கலைவதில்லை.

கண்ணுக்கு 200 மீட்டருக்குமேல் தெரியாவிட்டால் அதை அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்குமேல் தெரியாவிட்டால் மிக அடர்ந்த மூடுபனி என்றும் வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. இந்த ஐம்பது மீட்டரை ரயில் டிரைவர், இப்போது லோகோ பைலட் என்கிறோம், அவருடைய இடத்திலிருந்து பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 17 மீட்டர். ஐம்பது மீட்டர் தூரத்தில் சிக்னல் கண்ணில் பட்டால், அதைக் கடக்க அவருக்கு இருப்பது மூன்றே விநாடி. முழு வேகத்தில் ஓடும் நீண்ட பாசஞ்சர் வண்டி பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். அதனால்தான் நிற்க வேண்டிய சிக்னலுக்குக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் முன்னதாகவே எச்சரிக்கை சிக்னல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பனியில் அந்த எச்சரிக்கை சிக்னலே தெரியாது.

இதற்கு ரயில்வே என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய முறை ஒன்று இன்றும் இருக்கிறது. 180 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஓர் அடையாளம் ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணுக்குத் தெரியாமல் போனால், பனி சிக்னல் ஊழியரை அனுப்புவார். அவர் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்பாகத் தண்டவாளத்தின்மேல் இரண்டு வெடிகளை, பத்து மீட்டர் இடைவெளியில், பொருத்துவார். எஞ்சின் அவற்றின்மேல் ஏறும்போது 'டப் டப்' என்று வெடிக்கும். சிக்னல் நெருங்கிவிட்டது என்று லோகோ பைலட் காதால் தெரிந்துகொள்வார். ரயில்வேக்காரர்கள் இதைப் 'பட்டாக்கா' என்பார்கள். தீபாவளி நம் வீட்டில் ஒரு நாள். அவர்களுக்கு இரண்டு மாதம்! நடுநிசியில், ஐந்தாறு டிகிரி குளிரில், ஒற்றை விளக்குடன் தண்டவாளத்தின் ஓரம் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை நாம் யாரும் பார்ப்பதில்லை.

புதிய முறை, ஜி.பி.எஸ். மூலம் இயங்கும் 'ஃபாக் பாஸ்' என்ற சிறிய கையடக்கக் கருவி. அடுத்து வரும் சிக்னலும் லெவல் கிராஸிங்கும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று திரையில் காட்டும். சுமார் 500 மீட்டர் இருக்கும்போது குரலிலும் சொல்லும். சிக்னல் சிவப்பா பச்சையா என்று அது சொல்லாது. இடத்தை மட்டும்தான் சொல்லும். இந்தக் கருவி வந்த பிறகு, பனியில் 60 கிலோமீட்டராக இருந்த உச்ச வேகத்தை 75ஆக உயர்த்தினார்கள். சிக்னலின் நிறத்தையே எஞ்சினுக்குள் காட்டி, தேவைப்பட்டால் தானே பிரேக் போடும் 'கவச்' முறை 2020இல் தேசிய முறையாக ஏற்கப்பட்டது. அது எல்லாப் பாதைகளிலும் வந்துவிட்டால் நிலைமை வெகுவாக மாறும். அந்த வேலை படிப்படியாகத்தான் நடக்கிறது.

குளிரில் இன்னொரு சங்கடமும் உண்டு. எஃகு குளிர்ந்தால் சுருங்கும். ஒரு கிலோமீட்டர் நீள எஃகு, உஷ்ணம் 30 டிகிரி குறைந்தால் சுமார் 35 சென்டிமீட்டர் சுருங்கப் பார்க்கும். இப்போதைய தண்டவாளங்கள் நீளமாக வெல்டிங் செய்யப்பட்டு இறுக்கிப் பிடிக்கப்பட்டவை. அவற்றால் சுருங்க முடியாது. ஆகவே உள்ளே இழுவிசை ஏறுகிறது. எங்காவது பழைய விரிசல் இருந்தால், விடியற்காலைக் குளிரில் அது உடையக்கூடும். 1998 நவம்பர் 26ஆம் தேதி விடியற்காலையில் பஞ்சாபில் கன்னா அருகே தண்டவாளம் உடைந்து ஃபிரான்டியர் மெயில் தடம் புரண்டது. எதிரே வந்த சியால்டா எக்ஸ்பிரஸ் அதன்மேல் மோதியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2010 ஜனவரி 2ஆம் தேதி காலை, கடும் பனியில், கான்பூர் அருகே பாங்கியில் நின்றிருந்த வண்டியின் பின்னால் இன்னொரு வண்டி மோதியது. அதே நாள் எட்டாவா அருகிலும் அதே மாதிரி ஒரு மோதல். பாங்கியில் உயிர்கள் போயின.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், "ஏன் இப்படி ஆமை வேகத்தில் போகிறான்" என்று நம்மில் யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். பனியில் மெதுவாகப் போகும் டிரைவர் நம் உயிரைக் காப்பாற்றுகிறவர். அந்தத் தாமதத்தை நான் ஒரு குறையாகவே சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு. அதைச் சொல்வதற்குமுன், தாமதம் எப்படிப் பெருகுகிறது என்று பார்ப்போம். டெல்லியில் காலை பத்து மணிக்கு வெயில் அடிக்கிறது, பனியே இல்லை. ஆனாலும் மாலை நாலு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி நள்ளிரவுக்குத் தள்ளிப்போகிறது. ஏன்? அந்த வண்டிக்கான பெட்டிகள் இன்னும் வந்து சேரவில்லை. காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி மாலை ஆறுக்கு வந்தால், அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பிரேக்கையும் சக்கரத்தையும் பரிசோதித்து அனுப்ப ஐந்தாறு மணி நேரம் வேண்டும். அது தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து தாமதமாகவே கிளம்பும். நேற்றைய பனி இன்றைய தாமதம். இன்றைய தாமதம் நாளை மறுநாள் வேறு ஊரில் இருப்பவருக்கு. வட்டிக்கு வட்டி போடும் கடன் மாதிரி. இதில் ஓடும் ஊழியர்களின் வேலை நேர வரம்பும் சேர்ந்துகொள்கிறது. நேரம் முடிந்தால் வேறு ஆள் வந்துதான் வண்டியை எடுக்க வேண்டும். இந்தக் கடனைக் குறைக்கத்தான் ஒவ்வொரு பனிக்காலத்திலும் சில வண்டிகளை முன்கூட்டியே ரத்து செய்கிறார்கள்.

ஆக, தாமதம் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. பல மணி நேரம் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடக்கூடிய விஷயம். சொல்லாமல் இருப்பதுதான் என் குறை.

2013ஆம் வருஷம் ஜனவரியில், கங்கைச் சமவெளியில் ஒரு பெரிய ஜங்ஷனில் டெல்லி வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் திருநெல்வேலிப் பக்கத்து தம்பதிகள். மாமாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். காசி யாத்திரை முடித்துவிட்டுக் கல்கத்தாவில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போகிறார்கள். மாமி மடியில் துணி சுற்றிய கங்கைச் சொம்பு. அதைக் கீழே வைக்க மனசில்லை. இரவு 8.40க்கு வண்டி. மாமா சர்க்கரை வியாதிக்காரர். வண்டியில் ஏறியதும் தயிர்சாதம் சாப்பிடலாம் என்று எட்டு மணிக்கே இன்சுலின் போட்டுக்கொண்டுவிட்டார்.

எட்டரைக்கு அறிவிப்பு: வண்டி ஐம்பது நிமிஷம் தாமதம். ஒன்பதரைக்கு இன்னொன்று: ஒரு மணி நாற்பது நிமிஷம். ஒவ்வொரு முறையும் கடைசியில் "அஸுவிதா கே லியே கேத் ஹை" என்று அந்த அம்மாளின் குரல். "இதோ வந்துடும், பெர்த்தில் உக்காந்து நிம்மதியா சாப்பிடலாம்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். பத்தே கால் மணிக்கு அவர் பேச்சு குளறியது. குளிர்தான் என்று மாமி சால்வையை இழுத்துப் போர்த்தினார். நான் கையைத் தொட்டுப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் எல்லோரும் நடுங்குகிறார்கள். அவருக்குச் சட்டை நனைந்து வேர்த்திருந்தது. என் தமையனாருக்கும் இதே வியாதி. இது என்ன என்று எனக்குத் தெரியும். டீ விற்கும் பையனைக் கூப்பிட்டேன். அவன் ஒரு வார்த்தை கேட்காமல் அரை டம்ளர் டீயில் நாலைந்து ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தான். கால் மணி நேரத்தில் மாமாவுக்குத் தெளிவு வந்தது. உடனே தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னேன்.

பிறகு விசாரணை ஜன்னலுக்குப் போய், "வண்டி இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். திரையைப் பார்த்துச் சொன்னார்: "எட்டு மணிக்குத்தான் இங்கிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஸ்டேஷனை விட்டிருக்கிறது." நானூறு கிலோமீட்டர், பனியில், முன்னால் வரிசையாக வண்டிகள் நிற்கும்போது! காலை பத்து மணிக்கு முன்னால் அது வரவே முடியாது என்று கணக்குத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பையனும் சொல்லிவிடுவான். இது எட்டரை மணிக்கே தெரிந்திருந்தும், ஒலிபெருக்கி ஐம்பது நிமிஷம் என்றது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் ஒரு சத்திரத்திலோ மடத்திலோ போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். அந்த வண்டி மறுநாள் பகல் 1.40க்கு வந்தது என்று மாமி பிறகு போனில் சொன்னார். பதினேழு மணி நேரம். மாமா சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தார். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லாத ஒரு பெரியவருக்கு அன்று இரவு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். 'இவ்வளவு நிமிஷம் தாமதம்' என்று தவணை தவணையாகச் சொல்வதைவிட, 'இந்த மணிக்கு முன்னால் நிச்சயம் வராது' என்று ஒரே தடவை சொல்லட்டும். புறப்படும் ஸ்டேஷனில் இப்போது இது ஓரளவு நடக்கிறது. வண்டியின் நேரத்தை மாற்றியிருக்கிறோம் என்று குறுஞ்செய்தி வருகிறது. நடுவழி ஸ்டேஷனில் ஏறுபவர்களுக்குத்தான் இந்தச் சௌகரியம் போதவில்லை. அங்கேதான் குளிரும் அதிகம், தங்கும் வசதியும் குறைவு.

2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஜம்மு போகும் வண்டி நாலு மணி நேரம் தாமதமானதால் விமானத்தைத் தவறவிட்ட பிரயாணிக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றது. தாமதத்துக்குக் காரணம் தன் கட்டுப்பாட்டில் இல்லாதது என்று நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயுடையது என்பது அதன் சாரம். பனி என்றால் ரயில்வே சுலபமாக நிரூபித்துவிடும், அது நியாயமும்கூட. ஆனால் தகவல் சொல்லாததற்குப் பனியைக் காரணம் காட்ட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அறிவிப்பை நம்பிக் கிளம்பாதீர்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியிலோ 139 என்ற எண்ணிலோ தெரியும். உங்கள் ஊரிலிருந்து புறப்படும் வண்டியானால், அதன் ஜோடி வண்டியைப் பாருங்கள். 12621 சென்னையிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், 12622 திரும்பிப் போவது. பெரும்பாலான வண்டிகளுக்கு இப்படி அடுத்தடுத்த எண்கள்தான். பிரயாணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரண்டையும் கவனித்து வந்தால், அந்த வண்டி கடனில் ஓடுகிறதா இல்லையா என்று புரிந்துவிடும்.

இரண்டாவது, கல்யாணம், சிராத்தம் போன்ற நாள் தவறக்கூடாத காரியங்களுக்கு ஒரு முழு நாளாவது முன்னதாகப் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள். விமானம் இருக்கிறதே என்பார்கள். டெல்லியில் விமானமும் இதே பனியில்தான் நிற்கிறது.

மூன்றாவது, நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பிரயாணம் செய்ய விருப்பமில்லாதவர் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். வண்டி நிஜமாகப் புறப்படுவதற்கு முன்பே அதற்கு மனுச் செய்ய வேண்டும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்கு டி.டி.ஆர்., கவுன்டரில் எடுத்ததற்கு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பது. வண்டி போன பிறகு வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்லை.

நான்காவது, ஒரு வண்டியில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தால், இரண்டு பி.என்.ஆர். எண்களையும் முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் இந்த வசதி இருக்கிறது. முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டுக்கு ரத்துக் கட்டணம் பிடிக்காமல் பணம் திரும்ப வரும். முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். இரண்டு டிக்கெட்டிலும் பிரயாணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, உடம்பு. சாப்பாடு கையில் இருந்தாலும், சாப்பிட உட்காரும் வரை இன்சுலின் போட்டுக்கொள்ளாதீர்கள். இதை உங்கள் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துகள் இரண்டு நாளைக்கு அதிகமாகவே இருக்கட்டும். பெரிய பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர், கொஞ்சம் கல்கண்டு, காதை மூடும் குல்லா, இரண்டு ஜோடி காலுறை. தெற்கிலிருந்து வருபவர்களுக்கு இதை எழுதியே அனுப்பிவிடுங்கள். ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு வந்து இறங்குகிற பெரியவர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சஞ்சிகை பல ஊர்களில் உள்ள உறுப்பினர்கள் கைக்குப் போகிறது. டெல்லி, ஆக்ரா, கான்பூர், லக்னோ, பிரயாக்ராஜ், வாரணாசி போன்ற பனி பிரதேச ஊர்களில் நம்மவர் எங்கே இருந்தாலும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 31 வரை, ஊருக்கு இரண்டு பேராவது தங்கள் தொலைபேசி எண்ணைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வைக்கலாம். ஸ்டேஷனில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் போன் செய்தால், வண்டி நிஜமாக எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது, முடிந்தால் நாலு மணி நேரம் படுக்க இடமும் சூடாக ரசம் சாதமும் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. பாஷை தெரியாத ஊரில், நடுராத்திரியில், தமிழில் "பயப்படாதீங்கோ மாமி, வண்டி காலை பத்து மணிக்கு முன்னால் வராது, ஆட்டோ பிடித்து இங்கே வந்துடுங்கோ" என்று ஒரு குரல் கேட்டால் எவ்வளவு தெம்பாக இருக்கும்! வருகிறவர் நம் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அன்று அந்த டீக்காரப் பையன் எங்களிடம் எதையும் விசாரிக்கவில்லை.

என் வீடு ஸ்டேஷனிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ரிடையரானவனுக்கு ராத்திரியில் தூக்கமும் அதிகம் வருவதில்லை. ஆகவே முதல் எண்ணாக என் எண்ணை எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். விருப்பமுள்ளவர்கள் காபி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதற்கு முன் அவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.